புளூட்டோனியம் கையாண்ட தொழிலாளர்களின் கதிர்வீச்சு டோஸ்: கணக்கும் அதன் நிச்சயமின்மையும்

காமா கதிர்வீச்சு உள்ள இடத்தில் பணிபுரியும் ஒருவரின் சட்டையில் குத்தப்பட்டிருக்கும் பேட்ஜ், அவர் உடலில் பட்ட கதிர்வீச்சை ஏறத்தாழ நேரடியாகவே பதிவு செய்துவிடுகிறது. புளூட்டோனியம் கையாள்பவருக்கு அப்படியொரு வசதி இல்லை. புளூட்டோனியம்-239 வெளியிடும் ஆல்பா துகளின் ஆற்றல் சுமார் 5.15 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். ஆயினும் உடல் திசுவுக்குள் அது கடக்கும் தூரம் ஏறத்தாழ 40 மைக்ரோமீட்டர்தான். தோலின் இறந்த மேலடுக்கே அதைத் தடுத்துவிடும் என்பதால், உடலுக்கு வெளியே இருக்கும்வரை அதனால் பெரிய ஆபத்தில்லை. மூச்சு வழியாகவோ காயத்தின் வழியாகவோ உள்ளே புகுந்துவிட்டால், அதே குறுகிய வீச்சின் காரணமாக அதன் ஆற்றல் முழுவதும் அருகிலுள்ள சில செல்களிலேயே இறங்குகிறது. வெளியிலிருந்து எந்தக் கருவியாலும் அந்த ஆல்பா துகளைக் காணவும் முடியாது.

ஆகவே, ஒரு தொழிலாளியின் ஆவணத்தில் அவருடைய நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ எழுதப்பட்டிருக்கும் டோஸ், அதாவது அந்த உறுப்பு ஏற்ற கதிர்வீச்சின் அளவு, அளந்தறிந்த எண் அல்ல, ஊகித்தறிந்த எண். சிறுநீரில் கிடைத்த மிகச் சிறிய கதிரியக்கத்திலிருந்து உடலுக்குள் எவ்வளவு சென்றிருக்கும் என்றும், அது எப்போது, எந்த வேதி வடிவில், எந்த அளவுத் துகள்களாகச் சென்றிருக்கும் என்றும், பிறகு எந்த உறுப்பில் எத்தனை ஆண்டுகள் தங்கியிருக்கும் என்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கணித்து வந்து சேரும் எண் அது. இந்தக் கணக்கில் பிழை உண்டு என்பதைத் துறையில் யாரும் மறுப்பதில்லை. ஆனால், பிழை எவ்வளவு பெரியது என்ற கேள்வியோடு பெரும்பாலான விவாதங்கள் நின்றுவிடுகின்றன. எந்த உறுப்பின் டோஸில் பிழை இருக்கிறது, அது ஒருவருக்கு மட்டும் உரியதா அல்லது எல்லாருக்கும் பொதுவானதா என்ற கேள்விகளே அதைவிட முக்கியமானவை என்பது என் கருத்து.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடலாம். ஒரு கிராம் புளூட்டோனியம்-239 ஒரு நொடிக்கு ஏறத்தாழ 230 கோடி சிதைவுகளை, அதாவது 230 கோடி பெக்கரெல் கதிரியக்கத்தைக் கொண்டது. கதிர்வீச்சுப் பணியாளர்களுக்கு 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சால் உடலுக்கு நேரக்கூடிய தீங்கை மதிப்பிடும் அலகு) என்பது சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைக்கும் வரம்பு. அந்த ஆணையம் 1990-களில் வெளியிட்ட குணகங்களின்படி (உட்சென்ற அளவை டோஸாக மாற்றும் பெருக்கெண்கள்), எளிதில் கரையாத புளூட்டோனியம் ஆக்சைடு சுமார் 2,400 பெக்கரெல் மூச்சில் சென்றாலே அந்த 20 மில்லிசீவர்ட் எட்டப்பட்டுவிடும். எடையில் அது ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம். ஓரளவு கரையும் சேர்மமானால் 625 பெக்கரெல், அதாவது கால் மைக்ரோகிராமுக்குச் சற்றே அதிகம், போதும். ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு ஆக்சைடு துகளை எடுத்துக்கொண்டால் அதன் கதிரியக்கம் ஏறத்தாழ 0.012 பெக்கரெல், சராசரியாக ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால்தான் அது ஒரு ஆல்பா துகளை உமிழும். அத்தகைய துகள்கள் பல்லாயிரம் உள்ளே சென்றபின், அவற்றின் ஒரு சிறு பகுதி கரைந்து, இரத்தத்தில் கலந்து, அதிலும் மிகச் சிறிய பங்கு சிறுநீராக வெளியேறும்போதுதான் ஆய்வகம் அதைப் பிடிக்க முயல்கிறது.

இந்தச் சிறுநீர் அளவீடே வரலாறு நெடுக முதன்மைச் சான்றாக இருந்து வந்திருக்கிறது. அதன் ஆரம்ப நாட்களிலேயே ஒரு சிக்கல் தெரிந்துவிட்டது. 1945-இல் அமெரிக்காவின் அணுஆயுத ஆய்வகமான லாஸ் அலமோஸில், தொழிலாளியின் கையிலும் உடையிலும் ஒட்டியிருக்கும் தூசி மாதிரிக் குப்பியில் விழுந்தாலே அவர் உடலுக்குள் இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகமாக அளவீடு காட்டியது. அதனால் மாதிரி கொடுக்க வேண்டியவர்களை முதலில் பணியிலிருந்து விலக்கிவைத்து, பிறகு மருத்துவமனையில் இதற்கென ஒதுக்கிய வார்டில் சேர்த்து, குளிக்கச் செய்து, மருத்துவமனை உடை அணிவித்து, வெள்ளைப் பருத்திக் கையுறையும் மாட்டிவிட்டு, கைபடாமல் சிறுநீர் சேகரித்தார்கள். அவ்வளவு கவனத்துடன் எடுக்கப்பட்ட மாதிரிக்கும், பிற்காலத்தில் வேறு ஆலைகளில் பணி முடிந்த கையோடு எடுக்கப்பட்ட மாதிரிக்கும் ஆவணத்தில் ஒரே மாதிரியான எண்தான் இருக்கும். எண்ணைப் பார்த்து எது எப்படி எடுக்கப்பட்டது என்று பின்னாளில் சொல்ல இயலாது.

மாதிரி சுத்தமானதாகவே இருந்தாலும், ஒரு நாள் சிறுநீரில் இவ்வளவு இருந்தால் உடலில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல ஒரு சமன்பாடு வேண்டும். அதை முதலில் தந்தவர் லாஸ் அலமோஸின் ரைட் லாங்ஹாம். அவருடைய சமன்பாட்டின் அடித்தளம், 1945 முதல் 1947 வரை அமெரிக்க மருத்துவமனைகளில் 18 நோயாளிகளுக்குப் புளூட்டோனியத்தை ஊசி வழியாகச் செலுத்தி, அவர்களின் கழிவுகளை அளந்து திரட்டிய தரவு. தங்கள் உடலில் செலுத்தப்படுவது என்ன என்பது அவர்களுக்கு முறையாகச் சொல்லப்படவில்லை. அவர்களுடைய ஒப்புதலும் பெறப்படவில்லை. 1990-களில் அமெரிக்க அரசு நியமித்த ஆலோசனைக் குழு இதை விரிவாக ஆராய்ந்து பதிவு செய்தது. அந்த அநீதியைக் குறிப்பிடாமல் இந்தத் துறையின் எண்களைப் பற்றிப் பேசுவது சரியல்ல என்று நினைக்கிறேன். அறிவியல் நோக்கிலும் அந்தத் தரவுக்குக் குறை இருந்தது. அவர்களில் பலர் கடுமையாக நோயுற்றவர்கள். அளவீடுகளும் பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்கு உரியவை. அவற்றிலிருந்து பெற்ற சமன்பாட்டை, நல்ல உடல்நிலையில் ஆலையில் வேலை செய்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் வரை நீட்டிப் பயன்படுத்தினார்கள். பின்னாளில் இறந்த தொழிலாளர்களின் உறுப்புகளை நேரடியாக அளந்தபோது, நீண்ட காலத்துக்குப் பின் சிறுநீரில் வெளியேறும் பங்கு அந்தச் சமன்பாடு சொல்வதைவிட அதிகம் என்பதும், ஆகவே உடலில் உள்ள அளவு பலருக்கு மிகைப்படுத்தப்பட்டிருந்தது என்பதும் தெரியவந்தன.

லாங்ஹாம் சமன்பாட்டைக் கொண்டே இன்னொரு நிச்சயமின்மையையும் காட்டலாம். இரத்தத்தில் கலந்த புளூட்டோனியத்தில் ஒரு நாளில் சிறுநீரில் வெளியேறும் பங்கு, கழிந்த நாட்களின் 0.74 அடுக்குக்குத் தலைகீழாகக் குறைகிறது என்பது அதன் சாரம். அப்படியானால் 10 நாட்களுக்கு முன் உட்சென்றதா, 100 நாட்களுக்கு முன் உட்சென்றதா என்பது தெரியாவிட்டால், அதே ஒரு மாதிரியிலிருந்து கிடைக்கும் விடை ஐந்தரை மடங்கு மாறுபடும். விபத்து நடந்த நாள் பதிவாகியிருந்தால் இந்தக் கேள்வி எழாது. ஆனால் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு ஒற்றை விபத்து என்று ஒன்று இருந்ததில்லை. குளோவ்பாக்ஸ் எனும் மூடிய பெட்டியில் பொருத்திய கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, வடிகட்டி மாற்றும்போது எழுந்த தூசி, கழற்றிய உடையிலிருந்து பறந்த துகள் என்று ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகவே உள்ளே போயிருக்கிறது.

எல்லாவற்றிலும் மிகப் பெரிய நிச்சயமின்மை கரைதிறனில் இருக்கிறது. மூச்சில் சென்ற புளூட்டோனியம் நைட்ரேட், நுரையீரலிலிருந்து ஒப்பீட்டளவில் விரைவாக இரத்தத்துக்குச் செல்கிறது. ஆக்சைடு அங்கேயே பல ஆண்டுகள் தங்குகிறது. சிறுநீர் நமக்குச் சொல்வது இரத்தத்துக்கு வந்து சேர்ந்ததைப் பற்றித்தான். நுரையீரலில் இன்னமும் கரையாமல் கிடப்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பல மாதங்கள் கழித்து எடுத்த ஒரு மாதிரியில் ஒரே அளவு புளூட்டோனியம் கிடைத்திருந்தாலும், அதைக் கரையும் வகை என்று கொள்வதா கரையாத வகை என்று கொள்வதா என்பதைப் பொறுத்து, மூச்சில் சென்றதாகக் கணிக்கப்படும் அளவு பத்து மடங்குக்கும் மேல் வேறுபடலாம். இதில் கவனிக்க வேண்டியது, இந்த வேறுபாடு எல்லா உறுப்புகளையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை என்பதுதான். இரத்தத்தின் வழியாகச் செல்லும் புளூட்டோனியத்தின் பெரும்பகுதி கல்லீரலிலும் எலும்பிலும் படிகிறது. அவற்றின் டோஸ் சிறுநீரோடு நெருங்கிய தொடர்புடையது என்பதால் எந்த வகை என்று கொண்டாலும் விடை ஓரளவு ஒத்துப்போகும். நுரையீரலின் டோஸ்தான் தள்ளாடுகிறது. கரையாத வகை என்று கொண்டால் உட்சென்ற அளவும் கூடுகிறது, நுரையீரலில் தங்கும் காலமும் கூடுகிறது. இரண்டும் ஒரே திசையில் பெருக்குவதால் நுரையீரல் டோஸ் பல பத்து மடங்கு மாறிவிடும். புளூட்டோனியம் ஆலைத் தொழிலாளர்களிடையே முதன்மையாக அஞ்சப்படும் நோய் நுரையீரல் புற்றுநோய் என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும்.

இது ஏட்டளவுக் கவலை அல்ல. 1965 அக்டோபரில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ராக்கி ஃபிளாட்ஸ் ஆலையில் ஏற்பட்ட தீயில் 25 தொழிலாளர்கள் புளூட்டோனியம் ஆக்சைடைச் சுவாசித்தார்கள். தீயின் வெப்பத்தில் உருவான அந்த ஆக்சைடு, வழக்கமான கணித மாதிரிகள் கரையாத வகைக்கு எதிர்பார்த்ததையும்விட நீண்ட காலம் நுரையீரலில் தங்கியது. அத்தகைய பொருளைச் சுவாசித்தவரின் சிறுநீரில் முதல் ஆண்டுகளில் ஏறக்குறைய எதுவும் தென்படாமலேயே இருக்கலாம். அமெரிக்காவில் முன்னாள் தொழிலாளர்களின் டோஸை மறுகணக்கிடும் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம், இவ்வகைப் பொருளுக்கெனத் தனிக் கணக்கு முறையையே பின்னர் வகுக்க வேண்டியிருந்தது.

இதற்குள்ளேயே இன்னும் நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. கரைந்த புளூட்டோனியத்தில் ஒரு சிறு பங்கு இரத்தத்துக்குப் போகாமல் மூச்சுக்குழாய்ச் சுவரின் திசுவோடு பிணைந்துவிடுகிறதா என்பது நெடுங்காலம் விவாதத்தில் இருந்தது. நாய்களில் செய்யப்பட்ட ஆய்வுகளையும் மனித உடற்கூறாய்வுத் தரவுகளையும் கொண்டு, சர்வதேச ஆணையம் அந்தப் பங்கை 0.002 என்று ஏற்றிருக்கிறது. ஆயிரத்தில் இரண்டு பங்குதான். ஆனால் அது வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிவிடுவதாகக் கொள்ளப்படுவதாலும், புற்றுநோய் தோன்றக்கூடிய செல்கள் அதன் ஆல்பா வீச்சுக்குள்ளேயே இருப்பதாலும், கரையும் சேர்மங்களைப் பொறுத்தவரை மூச்சுக்குழாய்ப் பகுதியின் டோஸை அது கணிசமாக உயர்த்திவிடுகிறது. சிறுநீரை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்த எண்ணைச் சரிபார்க்க வழியில்லை.

நுரையீரலையே வெளியிலிருந்து அளக்கக் கூடாதா என்று கேட்கலாம். முயன்றிருக்கிறார்கள். புளூட்டோனியம் சிதையும்போது வெளிவரும் எக்ஸ் கதிர்களின் ஆற்றல் 13 முதல் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரைதான்; அரை சென்டிமீட்டரை ஒட்டிய தசையே அதைப் பாதியாக்கிவிடும். மார்புச் சுவரின் தடிமன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் அளவீடும் அதற்கேற்பத் தடுமாறும். புளூட்டோனியம்-241 சிதைந்து உருவாகும் அமெரிசியம்-241, 59.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரை வெளியிடுவதால் அதை அளந்து புளூட்டோனியத்தை ஊகிப்பது எளிது. ஆனால் இரண்டுக்கும் உள்ள விகிதம் பொருளின் வயதைப் பொறுத்தது; அந்தத் தொழிலாளி எந்த ஆண்டில் பிரித்தெடுத்த பொருளைக் கையாண்டார் என்பது தெரிந்தாக வேண்டும். காற்று மாதிரிக் கருவிகளுக்கும் வரம்பு உண்டு: அறையின் மூலையில் இருக்கும் வடிகட்டி பிடித்ததும், குளோவ்பாக்ஸ் முன் குனிந்து நின்றவரின் மூக்குக்கு எட்டியதும் ஒன்றல்ல. மலத்தை அளக்கலாம், ஆனால் ஒரே ஒரு நாளின் மாதிரியை நம்பினால் அளவீட்டின் சிதறல் காரணி (எத்தனை மடங்கு விலகக்கூடும் என்பதைக் காட்டும் எண்) ஏறத்தாழ 3 என்று ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் எடுத்துக்கொள்கின்றன. சிகிச்சைக்காக டி.டி.பி.ஏ. எனும் மருந்து கொடுக்கப்பட்டிருந்தாலோ, அது புளூட்டோனியத்தைப் பிணைத்துச் சிறுநீரில் பன்மடங்கு அதிகமாக வெளியேற்றும் என்பதால், அந்தக் காலத்து மாதிரிகளைச் சாதாரணச் சமன்பாட்டில் போடவே முடியாது.

உறுப்புகளை நேரில் அளந்து இவற்றையெல்லாம் சரிபார்க்க ஒரே வழி உடற்கூறாய்வுதான். 1968-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு, இன்று வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் யுரேனியம் மற்றும் மீயுரேனியத் தனிமங்களின் பதிவேடு, தங்கள் உடலை விருப்பத்தோடு தானம் செய்த முன்னாள் தொழிலாளர்களால் சாத்தியமானது. ரஷ்யாவின் மாயக் ஆலைத் தொழிலாளர்களின் திசுத் தரவும் அதேபோல் முக்கியமானது. ஒருவரின் கல்லீரலிலும் எலும்பிலும் உண்மையில் எவ்வளவு படிந்திருந்தது, அவர் உயிரோடு இருந்தபோது கொடுத்த சிறுநீர் எதைக் காட்டியது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இவை இடம் தந்தன. கடும் நோயுற்றவர்களின் கல்லீரல் புளூட்டோனியத்தைக் குறைவாகவே தக்கவைக்கிறது, சிறுநீரில் வெளியேறுவதும் கூடுகிறது என்பது மாயக் தரவிலிருந்து தெரியவந்த செய்தி. அதாவது, ஒரே அளவு புளூட்டோனியம் ஏற்ற இருவரில் நோயாளியின் சிறுநீர் அதிக டோஸைக் காட்டும். புகைபிடிப்பவரின் நுரையீரல் துகள்களை மெதுவாக வெளியேற்றுவது இதோடு சேர்ந்துகொள்ளும் மற்றொரு காரணி.

கண்டறியும் எல்லைக்குக் கீழே விழுந்த முடிவுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய ஆவணங்களில் அத்தகைய முடிவுகள் பல நேரங்களில் பூஜ்யம் என்றே எழுதப்பட்டிருக்கின்றன. இன்றைய ஆல்பா நிறமாலைமானி ஒரு மாதிரியில் ஒரு மில்லிபெக்கரெலுக்கும் குறைவானதைக் காணும். நிறை நிறமாலைமானி அதைவிடப் பல மடங்கு நுண்ணியது. 1950-களின் கருவிகள் இவற்றுக்கு அருகில்கூட வர முடியாது. கரையாத ஆக்சைடைச் சுவாசித்தவர், ஆண்டு வரம்பை எட்டும் டோஸைப் பெற்றிருந்தும் சிறுநீர் முடிவில் பூஜ்யமாகவே பதிவாகியிருக்க முழு வாய்ப்பு உண்டு. ‘அளக்க முடியவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று எழுதிவைத்தது, இந்தத் துறையின் ஆவணங்களில் உள்ள குறைகளிலேயே அந்தத் தொழிலாளர்களுக்கு அதிகத் தீங்கு செய்தது என்று நான் கருதுகிறேன்.

இனி, பிழை யாருக்குப் பொதுவானது என்ற கேள்விக்கு வரலாம். ஒருவரின் ஒரு மாதிரியில் நேர்ந்த அளவீட்டுப் பிழை அவருக்கு மட்டும் உரியது. நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தால் கூடுதலும் குறைவுமாகப் பெரும்பாலும் ஈடாகிவிடும். என்றாலும் தீங்கற்றதல்ல: டோஸுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அது உள்ளதைவிட வலுவற்றதாகக் காட்டிவிடும். கணித மாதிரியின் அடிப்படையிலேயே உள்ள பிழை வேறு வகை. 1979-இல் சர்வதேச ஆணையம் இரத்தத்துக்கு வந்த புளூட்டோனியத்தில் 45 விழுக்காடு எலும்பிலும் 45 விழுக்காடு கல்லீரலிலும் படிவதாகவும், பாதியாகக் குறைய முறையே 100 ஆண்டுகளும் 40 ஆண்டுகளும் ஆவதாகவும் கொண்டது. 1986-இல் அது 50 விழுக்காடு, 30 விழுக்காடு என்றும், 50 ஆண்டுகள், 20 ஆண்டுகள் என்றும் மாறியது. எந்தத் தொழிலாளியின் உடலிலும் அந்த நாளில் எதுவும் மாறவில்லை. ஆனால் அந்த எண்களைக் கொண்டு கணக்கிடப்பட்ட அனைவரின் கல்லீரல் டோஸும் ஒரே திசையில் நகர்ந்தது. எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் இத்தகைய பிழை ஈடாகாது.

மாயக் தொழிலாளர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. தெற்கு யூரலில் 1948-இல் இயங்கத் தொடங்கிய அந்த ஆலையில் 1948 முதல் 1982 வரை பணியில் சேர்ந்த சுமார் 26,000 பேர் அந்த ஆய்வில் அடங்குவர். புளூட்டோனியத்தால் வரும் நுரையீரல், கல்லீரல், எலும்புப் புற்றுநோய் அபாயத்தைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பங்கு அவர்களிடமிருந்து வந்தது. ஆனால் மிக அதிகமாகப் புளூட்டோனியத்துக்கு உள்ளான காலம் 1940-களின் இறுதியும் 1950-களும். சிறுநீர் அளவீடு வழக்கமானதோ 1970 வாக்கில்தான். அதற்கு முன் இறந்தவர்களுக்கும் விலகிச் சென்றவர்களுக்கும் அளவீடே இல்லை. அளவீடு உள்ளவர்களுக்கும் இருபது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று கணிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் அந்த ஆய்வின் டோஸ் கணக்கு 2008, 2013 என்று பெயரிடப்பட்ட பதிப்புகளாகத் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டது. 2013 பதிப்பு ஒருவருக்கு ஒரே டோஸைத் தருவதோடு நிற்காமல், எல்லாருக்கும் பொதுவான எண்களையும் ஒவ்வொருவருக்கும் உரிய எண்களையும் தனித்தனியே மாற்றி மாற்றிக் கணக்கிட்ட ஏராளமான மாற்று டோஸ் தொகுப்புகளையும் தந்தது. நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் அபாயத்தைக் கணக்கிடும்போது அந்தத் தொகுப்புகளின் பரவலையும் சேர்த்துக்கொள்ள இது வழி செய்தது.

மில்லிசீவர்ட் என்ற அலகிலும் கவனம் தேவை. ஆல்பா கதிர்வீச்சு 20 மடங்கு தீங்கானது என்ற பெருக்கெண், பாதுகாப்புக்காக ஏற்றுக்கொண்ட ஒரு உடன்பாடு. வரம்பு மீறப்பட்டதா என்று பார்க்க அது ஏற்றது. குறிப்பிட்ட ஒருவருக்கு வந்த புற்றுநோய் வேலையால் வந்ததா என்று கேட்கும்போது, உறுப்பு ஏற்ற டோஸை கிரே அலகிலும் (ஒரு கிலோ திசுவில் இறங்கிய ஆற்றலைச் சொல்வது) அதன் நிச்சயமின்மையோடும் பார்க்க வேண்டும். ஆணையமே பயனுறு டோஸை (முழு உடலுக்கும் சேர்த்து மில்லிசீவர்ட்டில் சொல்லப்படுவது) அந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது.

அந்தக் கேள்வி நீதிக்கான கேள்வியாக மாறும் இடத்தில், நிச்சயமின்மையை யார் சுமப்பது என்று சட்டமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 2000-இல் இயற்றப்பட்ட, அணுஆயுத ஆலைத் தொழிலாளர்களுக்கான இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ், புற்றுநோய் வேலையால் வந்திருக்கும் நிகழ்தகவு 50 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் இழப்பீடு உண்டு. அந்த நிகழ்தகவை அதன் நடுமதிப்பில் பார்க்காமல் 99 விழுக்காட்டு நம்பக எல்லையின் மேல்முனையில் பார்க்கிறார்கள். அதாவது டோஸ் எவ்வளவு நிச்சயமற்றதோ அவ்வளவுக்குத் தொழிலாளிக்குச் சாதகம். டோஸைப் போதிய துல்லியத்தோடு கணிக்கவே முடியாத தொழிலாளர் குழுக்களுக்கு, குறிப்பிட்ட சில புற்றுநோய்கள் வந்தால் கணக்கின்றியே இழப்பீடு தரும் பிரிவும் அதில் உண்டு. இந்த அணுகுமுறை எனக்குச் சரியாகவே படுகிறது, ஏனெனில் அளவீடு இல்லாமல் போனதற்கு அந்தத் தொழிலாளி காரணமல்ல. ஆனால் இப்படித் தொழிலாளிக்குச் சாதகமாக உயர்த்திக் கணிக்கப்பட்ட டோஸ்களை எடுத்து அபாய ஆய்வில் போட்டால், ஒரு கிரேக்கு இவ்வளவு அபாயம் என்ற விடை உண்மையைவிடக் குறைவாக வந்து, அடுத்த தலைமுறைத் தொழிலாளர்களின் பாதுகாப்பைத் தளர்த்திவிடும். இரண்டு நோக்கங்களுக்கும் இரண்டு கணக்குகள் வேண்டும். ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்குக் கடன் கொடுக்கக் கூடாது.

இரண்டு கணக்குகளையும் செய்ய முடிவது, மூல அளவீடுகள் காப்பாற்றப்பட்ட இடங்களில் மட்டுமே. பல ஆலைகளில் பல்லாண்டுகளுக்கு முடிவுகள் ‘அனுமதிக்கப்பட்ட உடற்சுமையில் இத்தனை விழுக்காடு’ என்றே எழுதப்பட்டன. அந்தச் சுமை, அதாவது உடலில் இருக்க அனுமதித்த உச்ச அளவு, 0.04 மைக்ரோகியூரி, இன்றைய அலகில் 1,480 பெக்கரெல். அந்த விழுக்காட்டுக்குப் பின்னால் லாங்ஹாம் சமன்பாடோ வேறொன்றோ ஏற்கெனவே புகுத்தப்பட்டிருக்கும். எந்த நாளின் சிறுநீர், எத்தனை மில்லிலிட்டர், எண்ணியில் எத்தனை துடிப்புகள், புளூட்டோனியம் இல்லாத ஒப்பீட்டு மாதிரி எவ்வளவு காட்டியது, மருந்து கொடுக்கப்பட்டிருந்ததா என்ற குறிப்புகள் இருந்தால், ஒவ்வொரு முறை கணித மாதிரி திருந்தும்போதும் அந்தத் தொழிலாளியின் டோஸையும் புதிதாகக் கணக்கிடலாம். அவை இல்லாமல் விழுக்காடு மட்டும் எஞ்சியிருந்தால், 1950-களின் ஊகங்கள் அந்த எண்ணுக்குள்ளேயே இருந்துவிடும். அவற்றைப் பிரித்தெடுக்க இன்றைய எந்த முறையாலும் இயலாது.